குரல் உடைந்த பொடியன்

முனாஸின் ஸ்டூடியோ என்று கல்முனைக்குடி ஊரே சொல்வது றினோஸாவின் வீட்டு நடு அறையைத்தான். வீடு அவளுடைய சீதன வீடு. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்வான். முனாஸும் அப்படி வந்தவன்தான். சூட்கேஸோடு ஒரு மைக்கும் கொண்டுவந்தான் என்பது மட்டும் கொஞ்சம் புதினம். இப்போது காணி உறுதிப் பத்திரத்தில் அவளுடைய பெயர் இருக்கிறது, வாசல் பலகையில் அவனுடைய பெயர் இருக்கிறது. அதில் றினோஸாவுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவளுடைய மனத்தாங்கல் மூன்றாவது ஒரு பெயரைப் பற்றியது. அந்தப் பெயர் அஹ்னப். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது.

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரேயொரு ஜன்னல். பாட்டு எடுக்கும் நேரம் அதைப் பூட்டி, பழைய தும்பு மெத்தையை அதன்மேல் சாத்தி வைப்பார்கள். மின்விசிறி ஓடக் கூடாது, அதன் கரகரப்பு மைக்கில் ஏறும். கதவுக்கடியில் இருக்கும் இடுக்கில் முனாஸ் இடுப்பில் கட்டிப் பழசாகிய சாரன் ஒன்று திணித்திருக்கும். சுவரெல்லாம் முட்டை அடுக்கும் மட்டைகள் ஒட்டியிருக்கும். உள்ளே நின்று பாடுகிற ஆளுக்கு முதல் பாட்டு முடிவதற்குள் உடுப்பு நனைந்துவிடும். வெளியே ஊரும் சும்மா இருக்காது. பாண் விற்கிற ஆட்டோ தன் பாட்டோடு வரும், மீன்காரன் கூவுவான், பக்கத்துப் பள்ளிவாசல்களின் பாங்கு ஒன்று முடிய ஒன்று தொடங்கும். இவற்றுக்கு நடுவில் கொஞ்சம் அமைதி கிடைத்தால் முனாஸ் விரலைக் காட்டுவான். உடனே பாட வேண்டும். பாடுவது றினோஸா.

ஊருக்கு அது தெரியாது. பாடுவது அஹ்னப் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

அஹ்னப் பிறந்தது ஒரு மறதியில். சில வருடங்களுக்கு முன்னால், நோன்பு தொடங்க இருந்த நாட்களில், முனாஸ் ஒரு முனாஜாத், அதாவது அல்லாஹ்விடம் இறைஞ்சுகிற பாட்டு எடுத்தான். வாத்தியம் கிடையாது. குரலுக்கு மேல் குரலை அடுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து செய்கிற வேலை. முனாஸுக்கு நல்ல காது. தொண்டைதான் சொன்னபடி கேட்காது, மேலே ஏறினால் சறுக்கிவிடும். அவனுக்கு வழி காட்டுவதற்காக றினோஸா முழுப் பாட்டையும் ஒரு ட்ராக்கில் பாடிக் கொடுத்தாள். அவன் அதைக் காதில் கேட்டுக்கொண்டு பாட வேண்டும், பாடி முடித்ததும் அவளுடைய ட்ராக்கை அணைத்துவிட வேண்டும். அவன் அணைக்க மறந்துவிட்டான். மறந்ததோடு நில்லாமல் பள்ளியின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியும் விட்டான்.

பொழுது பட்டு மஃரிப் தொழ அவன் பள்ளிக்குப் போனபோது ஆளுக்கு ஆள் கேட்டார்கள், ஆரு இந்தப் பொடியன் என்று. வாத்தியம் இல்லாத பாட்டு, அதில் உடையாத உயர்ந்த குரல் என்றால் அது ஒரு பொடியனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். பெண்ணாக இருக்கலாம் என்று அத்தனை பேரில் ஒரு காதுக்கும் தோன்றவில்லை. முனாஸுக்கு வேர்த்துவிட்டது. சொந்தக்காரப் பொடியன், மருதமுனைப் பக்கம், பேர் அஹ்னப் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதை ஒப்புவித்தபோது றினோஸா வயிறு நோகச் சிரித்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"மூத்த புள்ளைக்கு நல்ல பேர்தான் வெச்சிரிக்கீங்க" என்றாள்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்காக அவள் பின்னால் தன்னைத்தானே எத்தனையோ தடவை ஏசிக்கொண்டாள்.

பொடியன் மளமளவென்று வளர்ந்தான். புடவைக் கடைத் திறப்புக்கு அவன் பாடினான், ரியூஷன் வகுப்பு விளம்பரத்துக்குப் பாடினான், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்பப் பாடினான். பள்ளிக்கூட விழாக்களில் அவன் பாட்டைப் போட்டுப் பிள்ளைகளைக் கேட்கவைத்தார்கள். ஏன் ஆளைக் காணக் கிடைப்பதில்லை என்று கேட்டவர்களிடம், பொடியனுக்குக் கூச்சம், வாப்பா கண்டிப்பானவர், படம் எடுக்க விடமாட்டார் என்று முனாஸ் ஒவ்வொரு பொய்யாகக் கட்டி எழுப்பினான். அடுத்த தெருப் பெண் ஒருத்தி அஹ்னப் வந்தால் கொடுங்கள் என்று வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். றினோஸாவும் அவளுடைய தங்கை நப்லாவும் குசினியில் இருந்து அதைத் தின்று முடித்தார்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் தவிர விஷயம் தெரிந்தவள் நப்லா ஒருத்திதான்.

தொடக்கத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போகக் கசந்தது. ஒரு கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே றினோஸா தன்னுடைய பாட்டையே முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற மாமி ஒருத்தி, மகள், அது அஹ்னப் பாடினாத்தான் எடுபடும், பொம்புளத் தொண்டைக்குச் சரிவராது என்று அன்பாகவே சொன்னாள். றினோஸா ஓம் மாமி என்று சொல்லிவிட்டுக் கிடாரத்தைத் தேய்த்தாள்.

இத்தனைக்கும் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. முனாஸ் கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுபிடியாக இருந்தவன். அங்கே கற்ற பழக்கம் ஒன்றை அவன் விடவே இல்லை. எந்த ட்ராக் எடுத்தாலும் முதலில் பாடுகிறவரின் பெயரையும் எத்தனையாவது முறை என்பதையும் வாயால் சொல்ல வேண்டும், அப்போதுதான் பிறகு ட்ராக்குகள் குழம்பாது. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் மைக்கின் அருகே போய், "றினோஸா. ஒண்டு" என்பாள். சரிவராவிட்டால், "றினோஸா. ரெண்டு." பாட்டு முடிந்ததும் முனாஸ் அந்தத் தலைப்பகுதியை வெட்டி எறிந்துவிடுவான். வெட்டினால் என்ன, ஒரு தடவையாவது தன் பெயர் தன் பாட்டுக்கு முன்னால் சொல்லப்பட்டதே என்று அவள் நினைப்பாள். பெயர் பொய்யாக இருந்தாலும் வெளியே போவது தன் குரல்தான், தான் பாடிய மாதிரியே, ஒரு சொட்டும் மாறாமல் போகிறது என்பதும் இருந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் ஓட்டினாள்.

இரண்டில் ஒன்று பறிபோனது உவைஸ் ஹாஜியார் வந்த அன்று. அவர் நபிகளின் பிறந்தநாளுக்கு ஊர் எடுக்கிற மீலாத் விழாக் குழுவின் செயலாளர். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நேரே வந்து முன் மண்டபத்தில் உட்கார்ந்தார். றினோஸா திரைக்குப் பின்னால் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹாஜியார் சுற்றி வளைக்கவில்லை. இந்த முறை அஹ்னப் மேடைக்கு வர வேண்டும், வாப்பா கண்டிப்பானவர் என்றால் தானே மருதமுனைக்குப் போய் அவரோடு கதைப்பதாகச் சொன்னார். வீட்டு விலாசத்தையும் கேட்டார்.

முனாஸ் தொப்பியைக் கழற்றி மடித்தான். பிறகு சொன்னான்.

"பொடியனுக்குத் தொண்ட உடைஞ்சிட்டு ஹாஜியார். வயசு அப்பிடி. இப்ப பாட ஏலா."

திரைக்குப் பின்னால் தேயிலை கோப்பையை நிரப்பி, தட்டை நிரப்பி, அவளுடைய விரலில் ஊற்றியது. அவள் கையை எடுக்கவில்லை. இத்தனை வருடமும் அவள் பாடிய பொடியனை அவன் ஒரே வசனத்தில் முடித்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹாஜியார் மிகவும் கவலைப்பட்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் தெளிந்தது. உடைந்தால் உடையட்டும், ஆம்பிளைக் குரலாக மாறியிருக்கும், அதுவும் அல்லாஹ் கொடுத்ததுதான் என்றார். பொடியன் மேடைக்கு வரத் தேவையில்லை. அந்த முனாஜாத்தைப் புதிய குரலில் பாடிப் பதிந்து தந்தால் போதும், மேடையில் குழுவினர் கூடச் சேர்ந்து பாடுவார்கள் என்றார். முனாஸ் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்.

அவன் கெட்டவன் என்றால் இந்தக் கதையைச் சொல்வது இலகு. அவன் கெட்டவன் இல்லை. அவள் பாடும் நாட்களில் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பான், அவள் வேர்த்து வழிய வெளியே வந்தால் துவாயோடு நிற்பான். அவனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், இந்த ஊரை விட்டால் அவனுக்கு வேறு ஊரும் இல்லை. உண்மை வெளியே வந்தால் அவன் பள்ளியில் எந்த முகத்தோடு நிற்பது. அவளைப் பற்றி ஊர் என்ன கதைக்கும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த அறைக்குள் இத்தனை காலம் நின்றாள்.

அன்று ஹாஜியார் போனபின் முனாஸ் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"உன்ட குரலக் கீழ இறக்கலாம் புள்ள. இப்ப எல்லாத்துக்கும் மென்பொருள் இரிக்கி. எங்கட பழசு சரிவராது, புதுசு ஒண்டு பாக்கணும். நீயே பாத்து எடு."

"அதுக்குள்ள நான் இரிப்பனா?" என்று கேட்டாள் றினோஸா.

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. உன்ட குரல்தானே, கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவுதான் என்றான். தன்னைப் புதைக்கிற குழிக்குத் தானே மண்வெட்டி தெரிவு செய்கிற வேலை என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் அந்த வேலை அவளுக்குத்தான் வந்து சேரும். அந்த வீட்டில் காது முனாஸுடையது, கணினியில் புதிதாக ஒன்றைப் பழகுகிற கை அவளுடையது.

பாண்டிருப்பில் கணினி திருத்துகிற பவிதரன் மூன்று மென்பொருள்களைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்றான். றினோஸா மாப்பிள்ளை பார்ப்பதைப் போலவே பார்த்தாள். இந்தக் கரை வழக்கப்படி இதுவும் வந்து வீட்டோடு தங்கப்போகிற மாப்பிள்ளைதானே.

முதலாவது நீல நிறத்தது. பெரிய இடத்து மாப்பிள்ளை. அதில் இல்லாத வசதி இல்லை. ஆனால் மாதாமாதம் இணையத்தில் பணம் கட்டினால்தான் வீட்டில் நிற்பேன் என்றது. போதாததற்கு ஆறாவது ட்ராக் ஏறியதும் கணினி மூச்சுத் திணறி அப்படியே நின்றுவிட்டது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது பச்சை. சாதுவானது, இலவசமானது, பழைய கணினியிலும் குதித்து ஓடியது. முனாஸுக்கு அதைத்தான் பிடித்தது. குரலைத் தெரிவு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கிவிடும், வேலை முடிந்தது. ஆனால் அது எதைச் செய்தாலும் பதிந்த ஒலியின்மேலேயே செய்தது. இறக்கிச் சேமித்துவிட்டால் பழைய குரல் இல்லை. வெட்டினால் வெட்டினதுதான். றினோஸா ஒரு வரியைப் பாடி, இறக்கி, சேமித்து, மூடித் திறந்து பார்த்தாள். அங்கே ஒரு வாலிபன்தான் இருந்தான். தன்னை எங்கே தேடியும் காணவில்லை.

மூன்றாவது சாம்பல் நிறத்தது, பார்க்க அழகில்லை. எழுத்துகள் எறும்பு போல இருந்தன. ஆனால் அது பாடிய ஒலியைத் தொடவே தொடாது. குரலை இறக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கருவியை அந்த ட்ராக்கின்மேல் போர்வை மாதிரிப் போர்த்திவிடும். போர்வையை விலக்கினால் குரல் கீழே அப்படியே கிடக்கும். வெட்டுவதும் அப்படித்தான். தலைப்பகுதியை வெட்டிவிட்டு ட்ராக்கின் ஓரத்தைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தாள். வெட்டின துண்டு கண்ணுக்கு முன்னால் திரும்பி வந்தது. காதில் போட்டாள்.

"றினோஸா. ஒண்டு."

அவள் பின்னும் முன்னும் நாலைந்து தடவை இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் பெயர் வந்தது. அறையின் புழுக்கத்தில் தனியாக இருந்து அவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாம்பலையே எடுப்போம், இறக்கின குரல் இதில்தான் இயல்பாக இருக்கிறது என்று முனாஸிடம் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

பவிதரன் அதை நிரந்தரமாக்க வந்தபோது ஓர் எச்சரிக்கை சொன்னான். கோப்பை வேறு கணினிக்குக் கொடுப்பதென்றால் முதலில் ட்ராக்கை அந்தக் கருவியோடு சேர்த்து இறுக்கிப் புதிதாகப் பதிந்துதான் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தால், சாம்பல் மென்பொருள் இருந்தாலும் தான் தனியாகப் போட்ட அந்தக் கருவி இல்லாத கணினியில் போர்வை இருக்காது, உள்ளே இருக்கிறதுதான் கேட்கும் என்றான். சரி பார்ப்பதற்கு அவன் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். கருவியைப் போட்டான், எடுத்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். அவன் காரைதீவில் ஒரு பஜனைக் குழுவுக்கு ஓர்கன் வாசிக்கிறவன், அவன் காது மற்றவர்களுடைய காது மாதிரி இல்லை.

"அக்கா, அஹ்னப் எண்டது நீங்களா?"

இத்தனை வருடத்தில் ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். அவள் ஓம் என்று தலையசைத்தாள். அவன் ஆருக்கும் சொல்லமாட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனான். அதைத்தான் அவன் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாக்கை அவன் தராமல் போயிருந்தால் நல்லாயிருக்குமே என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

முனாஜாத்தைப் புதிதாக எடுத்தார்கள். ஜன்னலில் மெத்தை, கதவில் சாரன், விசிறி நின்றது. "றினோஸா. ரெண்டு" என்பதுதான் சரிவந்த முறை. திறப்பும் உன்னிடம், வாசலும் உன்னிடம், நிற்பது மட்டும் நான் என்று அவள் பாடினாள். பாடி முடிந்ததும் தலைப்பகுதியை வெட்டி மறைத்து, கருவியைப் போர்த்தினாள். அறைக்குள் ஒரு வாலிபன் பாடினான். அவள் மூச்செடுத்த இடத்தில் மூச்செடுத்தான், அவள் இழுத்த இடத்தில் இழுத்தான், அவள் அழுகையை அடக்கின இடத்தில் அவனும் அடக்கினான். முனாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பொடியன் வளர்ந்திட்டான் புள்ள என்றான். றினோஸா எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க் கிணற்றடியில் நின்றாள். அங்கேயும் காற்று இல்லை.

விழாவுக்கு முன்னால் மண்டபத்தின் ஒலிபெருக்கிக்காரன் முனாஸை அழைத்தான். மேடையில் குழுவினர் கூடப் பாடுவதால் பாட்டை ஒன்றாக்கித் தரக் கூடாது, ட்ராக்குகளைத் தனித்தனியாக, முழுக் கோப்பாகவே தர வேண்டும், தன்னிடமும் அந்தச் சாம்பல் மென்பொருள் இருக்கிறது என்றான். முனாஸுக்கு அந்த மென்பொருளில் ஓர் எழுத்தும் தெரியாது. கோப்பைப் பென்டிரைவில் போட்டுத் தா புள்ள என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

ட்ராக்கை இறுக்குவதற்கு ஒரு பொத்தான்தான். றினோஸா அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. அழுத்தினால் மிச்சக் காலம் முழுக்க அந்த வாலிபன்தான் பாடுவான். அவனுக்குப் பிறகு நடுவயது வரும், தாடி நரைக்கும், ஊர் அவனுக்காக இறைவனிடம் துஆ கேட்கும். அவள் இந்த அறைக்குள் இருந்து அவனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஊர் என்ன சொல்லும் என்பதை அவள் யோசிக்காமல் இல்லை. முனாஸின் முகத்தையும் யோசித்தாள். என்னவும் நடக்கட்டும், ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தாள். பொத்தானை விட்டுவிட்டு ட்ராக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வெட்டின தலைப்பகுதி வெளியே வந்தது. அப்படியே சேமித்துப் பென்டிரைவில் போட்டு, ஈரத் தலையோடு வந்த புருஷனின் கையில் கொடுத்தாள்.

மீலாத் விழா அன்று அஸருக்குப் பிறகு ஊரெங்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பெண்கள் வீட்டு வாசல்களில் நின்று கேட்டார்கள். றினோஸா படலையடியில் நின்றாள். நப்லாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நப்லா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அஹ்னப்பின் பாட்டு என்று ஒலிபெருக்கியில் ஹாஜியாரின் குரல் அறிவித்தது. றினோஸா மூச்சை நிறுத்தினாள். இப்போது தன் பெயர் வரும். தெருவெல்லாம் கேட்கும், சந்தை வரைக்கும் கேட்கும்.

பெயர் வரவில்லை. பாட்டு நேராகத் தொடங்கியது.

ஆனால் அது அவளுடைய குரல். போர்வை இல்லை, வாலிபன் இல்லை. திறப்பும் உன்னிடம், வாசலும் உன்னிடம் என்று அவளே பாடினாள், கடற்கரை வரைக்கும் திறந்த வெளியில், மெத்தையும் சாரனும் இல்லாத காற்றில். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நப்லா அழுதுகொண்டே, ராத்தா, ராத்தா என்றாள். றினோஸா தெருவைப் பார்த்தாள். வாசல்களில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் வாயில் கையை வைத்தாள். இனி வரட்டும், எது வந்தாலும் வரட்டும் என்று றினோஸா காத்துக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுப் பெண் தெருவைக் கடந்து ஓடி வந்து அவளுடைய தோளைப் பிடித்தாள்.

"கேட்டீங்களா? பொடியன்ட தொண்ட உடையல்ல."

மஃரிப் தொழுதுவிட்டு உவைஸ் ஹாஜியார் வந்தார். உட்காரவும் இல்லை. வாசலிலேயே முனாஸைக் கட்டிப்பிடித்தார். றினோஸா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"பொடியன்ட குரல் அப்பிடியே இரிக்கி முனாஸ். அல்லாஹ் திருப்பிக் குடுத்திரிக்கான். ஆக்கள் அழுதிட்டாங்க. இனி அவன் மேடைக்கு வராட்டியும் பரவாயில்ல, நாங்க கேக்கவும் மாட்டம். பாடிக்கொண்டு இருந்தாக் காணும்."

ஹாஜியார் செருப்பைப் போட்டுக்கொண்டே இன்னொன்று சொன்னார்.

"ஒண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்க. பாட்டுத் துவங்க முதல் ஆரோ ஒரு பொம்புளட சத்தம் கிடந்திச்சி, என்னவோ பேர் சொல்லிக்கொண்டு. வீட்டுச் சத்தம் மைக்கில ஏறியிரிக்கும் போல. நல்ல காலம், ஒலிபெருக்கிக்காரன் முதல்லயே கண்டு வெட்டிட்டான்."

அவர் போனபின் முனாஸ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஏசுவான் என்று றினோஸா எதிர்பார்த்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள், அப்படியென்றால் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தான்.

"தெரிஞ்சுதானே செஞ்ச?"

"ஓம்."

"ஊர் முழுக்க உன்ட குரலத்தானே கேட்டிச்சி. மறுகா என்ன வேணும் உனக்கு?"

"பாடினத்தப் பொடியன் எண்டு எடுத்தாங்க. பேரச் சொன்னத்தப் பொம்புள எண்டு வெட்டிட்டாங்க" என்றாள் அவள்.

முனாஸ் எழுந்து போய் அவளுக்குக் கொத்தமல்லி அவிக்கத் தண்ணீர் வைத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அடுத்த வாரமே பாடச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். குரலை இறக்குகிற கருவிக்கு இனி வேலை இருக்கவில்லை. அஹ்னப் வளரத் தேவையில்லை என்று ஊரே தீர்மானித்துவிட்டது. முற்பகலில் பாண் ஆட்டோ போன பிறகு முனாஸ் ஜன்னலைப் பூட்டி மெத்தையைச் சாத்தினான். சாரனைத் திணித்தான். விசிறியை நிறுத்தினான். றினோஸா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். சாம்பல் திரையில் புதிய ட்ராக் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அஹ்னப். ஒண்டு."

முனாஸ் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, பாடு என்று விரலைக் காட்டினான்.